பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினில் எண்ணெய்க் கசிவு: காரணமும் பரிகாரமும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்திருப்பவரின் கராஜுக்குள் நுழைந்தால், வாகனத்திற்கு முன்னர் கண்ணிற் படுவது அதன் கீழே விரித்துள்ள அட்டையும் அதிற் படிந்த கறுத்த எண்ணெய்ப் பொட்டுகளுமேயாகும். "ஒழுகாவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்" என வேடிக்கையாகக் கூறுவாருமுளர். அது வேடிக்கையாக மட்டும் இருத்தல் நலம். ஒழுகும் எண்ணெய் பின் டயரைச் சென்றடையுமாயின், ஒக்லாந்தின் மழை நாளொன்றில் சுற்றுவட்டச் சந்தியைச் சுற்றும்போது வாகனம் சறுக்கிவிடும். பிரேக்கிற் படியுமாயின் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது. எண்ணெய் குறைந்து போகுமாயின் பிஸ்டன் சூடேறி ஓடும்போதே இறுகிவிடும். தெருவில் விழும் எண்ணெயும் மழைநீருடன் வடிகாலிற் கலந்து ஈற்றில் நமது துறைமுகக் கடல்களையே அடைகின்றது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கை வகுக்கின்றது: நோய் எதுவென அறிதல், அதன் காரணத்தை அறிதல், தீர்க்கும் வழியை அறிதல், பின்னர் பிழையின்றிச் செய்தல். எண்ணெய்க் கசிவைத் தீர்ப்பதற்கும் இதனினும் சிறந்த ஒழுங்கு இல்லை. நம்மிற் பலர் முதலிரு படிகளையும் விட்டுவிட்டு நேரே மருந்துக்குச் செல்வதனாலேயே இடர்ப்படுகின்றோம்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு

உதாரணமாக என்பீல்டு புல்லட்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட இவ்வாகனத்தைத் தமிழ்நாட்டிலேயே உருவாக்குவதற்காக 1955ஆம் ஆண்டு சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவப்பட்டது. தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. 1970ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து நிறுவனம் மறைந்த பின்னரும் திருவொற்றியூர்ப் புல்லட் தொடர்ந்து பிறந்தது. 1977 முதல் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அப்பழைய எஞ்சின் 2010ஆம் ஆண்டளவு வரை பெரிய மாற்றமின்றி நீடித்தது. எனவே புல்லட்டைப் பற்றி அறிந்துகொள்வது அக்காலத்துப் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றைப் பற்றியும் அறிந்துகொள்வதாகும்.

ஏன் கசிகின்றது?

எஞ்சின் என்பது பல உலோகத் துண்டுகளைத் திருகாணிகளாற் பொருத்திய பெட்டி. பொருத்துமுகங்களுக்கிடையே காஸ்கெட் எனப்படும் மெல்லிய தாளும், சுழலும் தண்டுகளைச் சுற்றி ரப்பர் சீல்களும் எண்ணெயைத் தடுத்து நிற்கின்றன. தாள் நைந்தாலோ, ரப்பர் இறுகினாலோ, உலோகமுகம் வளைந்தாலோ கசிவு உண்டாகும். இவ்வளவும் பலரும் அறிந்ததே. பலரும் கருதாது விடுவது எஞ்சினுக்கு உள்ளேயுள்ள காற்றை.

350 புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீற்றர் விட்டமுடையது. பிஸ்டன் 90 மில்லிமீற்றர் தூரம் ஏறியிறங்குகின்றது. ஆகவே ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதன் அடியிலுள்ள கிராங்க்கேஸில் 346 கன சென்ரிமீற்றர் காற்றை அழுத்துகின்றது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலுமாயின் இவ்வழுத்தம் ஒரு செக்கனில் 50 முறை நிகழும். இக்காற்று வெளியேறுவதற்கென ஒரு மூச்சுக் குழாய் உண்டு. அதிலுள்ள ஒருவழி வால்வு காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. பிந்திய புல்லட்டுகளில் இது வாத்தின் அலகு போன்ற ரப்பர்த் துண்டாக இருக்கும். வால்வு நன்றாக வேலை செய்யின் கிராங்க்கேஸினுள் அழுத்தம் வெளியிலுள்ளதைவிடக் குறைந்தே நிற்கும். எண்ணெய் வெளியே வர விரும்பாது. வால்வு இறுகியோ குழாய் மடிந்தோ போனால், அடைபட்ட காற்று எந்தப் பொருத்து பலவீனமானதோ அதனூடே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

இதனை நான் பணமும் காலமும் இழந்தே கற்றேன். எனது புல்லட்டின் வலப்புற டைமிங் மூடியில் எண்ணெய் கசிந்தது. காஸ்கெட்டை மாற்றினேன், மீண்டும் கசிந்தது. பசை பூசி மாற்றினேன். இரு வாரங்களில் மீண்டும் கசிந்தது. மூன்றாம் முறை திருகாணிகளை மேலும் இறுக்க, ஒன்றின் புரி அறுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகனைப் பின்னால் ஏற்றிச் செல்கையில் ஒரு வளைவிற் பின் சில்லு பக்கவாட்டில் வழுக்கியது. நாம் விழவில்லை, ஆனால் அன்று வீடு திரும்பும் வரை இருவரும் பேசவில்லை. பின்னர் ஆராய்ந்தபோது, பெற்றோல் தாங்கியை முன்னொருகாற் கழற்றிப் பூட்டியபொழுது மூச்சுக் குழாயை நானே மடித்துவிட்டிருந்தமை தெரிந்தது. மூடியின்மீது பழி, குற்றமோ குழாயில்.

பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தாலும் இதே விளைவே. எரிந்த வாயு அவற்றைக் கடந்து கீழிறங்கி அழுத்தத்தைக் கூட்டும். அப்போது எத்தனை காஸ்கெட் மாற்றினும் பயனில்லை.

யாழ்ப்பாணத்து அனுபவம்

1990களில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியதை நம்மிற் பலர் மறந்திரார். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, வளையங்களைக் கடந்து எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும், அதன் மட்டமோ உயரும். தடித்த எண்ணெயைத் தடுத்து நின்ற பொருத்துகள் நீர்த்த எண்ணெயைத் தடுக்கமாட்டா. இங்கும் காரணம் பொருத்திலன்று, எண்ணெயிலேயே உள்ளது. ஒக்லாந்தின் குளிர்காலத்திற் குறுந்தூரம் மட்டும் ஓட்டுவோருக்கு வேறொரு தொல்லை உண்டு. எஞ்சின் முழுதாகச் சூடேறாமையால் உள்ளே ஈரம் படிந்து, எண்ணெயுடன் கலந்து வெண்மையான களியாகி மூச்சுக் குழாயை அடைத்துவிடும்.

இடத்தைக் கண்டறிதல்

முதலில் எஞ்சின் முழுவதையும் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் கழுவித் துடைத்து நன்கு உலர விடுக. கழுவிய நீர்மத்தைத் தட்டில் ஏந்திக்கொள்க, வடிகாலில் ஊற்றற்க. உலர்ந்தபின் ஐயமான இடங்களில் முகத்துக்கிடும் டால்கம் பவுடரை மெல்லெனத் தூவுக. பத்து நிமிடம் ஓட்டிவந்து, கைவிளக்கால் ஆராய்க. எண்ணெய் பட்ட இடம் வெண்மை நீங்கிக் கறுத்திருக்கும்.

இங்கே நினைவில் இருத்த வேண்டிய விதி ஒன்றுண்டு. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும் காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலால் நனைந்த இடங்களுள் எது மிக மேலும் மிக முன்னும் உள்ளதோ, அங்கேயே ஊற்றைத் தேட வேண்டும். கீழே சொட்டும் இடம் எண்ணெய் பயணத்தை முடித்த இடமேயன்றித் தொடங்கிய இடமன்று.

புல்லட்டில் முதலிற் பார்க்க வேண்டியவை: சிலிண்டர்த் தலைக்கு எண்ணெய் கொண்டு செல்லும் வெளிக்குழாயின் மூட்டுகள், ரொக்கர் மூடிகள், சிலிண்டரின் அடியிலுள்ள சிறு டப்பற் மூடி, டிஸ்ரிபியூட்டரின் அடி, டைமிங் மூடி. கியர் பெட்டியும் இடப்புறக் கிளச் மூடியும் தனித்தனி எண்ணெய் கொண்டவை. அவற்றின் கசிவை எஞ்சின் கசிவென மயங்கற்க. கியர் எண்ணெய் தடித்தது, தனி நெடியுடையது. பழைய நான்கு கியர்ப் பெட்டி கிறீஸ் கலந்த தடித்த கலவைக்கென அமைக்கப்பட்டது. மெல்லிய எண்ணெயை மட்டும் ஊற்றினால் அது ஒழுகுவதில் வியப்பில்லை.

மற்றுமொரு மயக்கமும் உண்டு. புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே பின்புறமாக அமைந்துள்ளது. பல வாரம் ஓட்டாது நிறுத்தினால் தொட்டியிலுள்ள எண்ணெய் பம்பினூடே மெல்லக் கசிந்து கிராங்க்கின் அடியிற் சேரும். அளவுகோலில் எண்ணெய் குறைந்ததாகத் தோன்றும். உடனே புது எண்ணெய் ஊற்றினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அளவு மிகுந்து, புகையும் ஒழுக்கும் உண்டாகும். சில நிமிடம் ஓட்டிய பின்னரே மட்டத்தைப் பார்த்தல் வேண்டும்.

சரிசெய்தல்

முதலிற் செலவில்லாதவற்றைச் செய்க. எண்ணெய் மட்டத்தைச் சரிபார்க்க. மூச்சுக் குழாயைக் கழற்றித் துப்புரவாக்கி, வால்வு ஒருவழியாக மட்டும் காற்றை விடுகின்றதா என ஊதிப் பார்க்க. பல கசிவுகள் இத்துடனே அடங்கிவிடும்.

அடங்காவிடின் மூடியைக் கழற்றுக. பழைய தாளைக் கத்தியாற் சுரண்டற்க. அலுமினியத்தில் விழும் ஒரு கீறலே புதிய கசிவுக்கு வாயில். மரத் துண்டோ பிளாஸ்திக் துண்டோ போதும். தடித்த கண்ணாடிப் பலகையின்மீது மெல்லிய உப்புத்தாளை விரித்து, மூடியின் முகத்தை அதில் வட்டமாகத் தேய்க்க. எங்கும் ஒரேவிதமாக மினுங்குமாயின் முகம் சமமானது. திருகுத் துளைகளைச் சுற்றி மட்டும் மினுங்குமாயின் மிகை இறுக்கத்தால் வளைந்தது. முழுதும் மினுங்கும் வரை பொறுமையாகத் தேய்த்துப் பின் நன்கு கழுவுக.

பசையை மெல்லிய படலமாகவே பூசுக. மிகுந்த பசை வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். அது உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும். புல்லட்டின் டைமிங் மூடியினுள்ளேயே கிராங்குக்குச் செல்லும் எண்ணெய் வழி இருப்பதால் அங்கு இது எஞ்சினையே கொல்லும் பிழை. திருகாணிகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குக. குழாய் மூட்டுகளிலுள்ள செப்பு வாசர்கள் பழகப் பழகக் கடினமாகும். அவற்றை மங்கிய சிவப்பாகும் வரை சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் மென்மையாகிப் பொருந்தும். வேலை முடிந்ததும் மறுபடியும் பவுடர் தூவி ஓட்டிப் பார்த்த பின்னரே நோய் தீர்ந்ததென முடிவு செய்க.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்வேலையைத் தனியே செய்யாது பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். பவுடரில் ஊசிமுனையளவு கறுப்பைக் காண்பதில் இளங்கண்களுக்கு நிகரில்லை. எனது மூச்சுக் குழாய் மடிந்திருந்ததை விளக்குப் பிடித்துக் கண்டவனும் அன்று பின்னாலிருந்த மகனே. அவனுக்குக் கசிவு, ஒழுக்கு, புரி, திருகாணி என்னும் சொற்கள் பாடநூலில் வந்தவையல்ல. எண்ணெய் படிந்த கையோடு வந்தவை. அவற்றை அவன் இன்னும் மறக்கவில்லை.