சின்னத் தொட்டிக்கு எந்த ராஸ் மீன்?

 

கடல்நீர்த் தொட்டி பார்த்திருக்கிறீர்களா? பவளப்பாறை மாதிரி கல் அடுக்கி, உப்புத் தண்ணீரில் கடல் மீன் வளர்ப்பது. எங்க சித்தப்பா வீட்டில் 100 லிட்டரில் ஒன்று வச்சிருக்காங்க. அதில் ஒரே ஒரு ராஸ் மீன் விடணுமாம். எதை விடலாம் என்று நானும் தேடிப் படித்தேன்.

ராஸ் குடும்பத்தில் 500-க்கும் மேலே இனங்கள் உண்டு. நெப்போலியன் ராஸ் 2 மீட்டர் வரை வளரும். நம்ம பி.டி. சாரை விட நீளம்! அதனால் கடையில் குட்டியைப் பார்த்து மயங்கக் கூடாது. வளர்ந்தால் எவ்வளவு என்று கேட்கணும். நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற நிலா ராஸ் 20 செ.மீ. தாண்டும், இறாலையும் குட்டி மீனையும் தின்னும். அது கடலிலேயே இருக்கட்டும்.

எல்லாரும் ஆசைப்படுவது கிளீனர் ராஸ். கடலில் பெரிய மீன்கள் இதனிடம் வந்து வாயைத் திறந்து நிற்கும். இது உள்ளே போய் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும், பல் டாக்டர் மாதிரி! 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தன் தொண்டையில் வைத்த புள்ளியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, உடம்பைத் தரையில் தேய்த்ததாம். எவ்வளவு புத்தி பாருங்கள்! ஆனால் தொட்டியில் இருக்கும் நாலைந்து மீன் மேல் எத்தனை ஒட்டுண்ணி இருந்துவிடும்? பெரும்பாலும் மெலிந்து மெலிந்து, பட்டினியில் செத்துப்போகும். பாவம், இதை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆறு கோட்டு ராஸ் 8 செ.மீ. தான். அழகு, ஆனால் ரவுடி! பழகிவிட்டால் புதுசாக வரும் மீனையெல்லாம் விரட்டும். விட்டே தீரணும் என்றால் கடைசி மீனாக விடணும்.

எனக்குப் பிடித்தது பாசம் ராஸ். (நம்ம அம்மா பாசம் இல்லை, அது ஒரு விலங்கின் பெயர்!) 5, 6 செ.மீ. தான் வளரும். யாரையும் சீண்டாது. கூச்சம் அதிகம், கல் இடுக்கில் ஒளிந்து ஒளிந்து வரும். வாய் ரொம்பச் சின்னது. அதனால் பொடி இறால் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடணும். சண்டைக்கார மீன் கூட இருந்தால் இதற்குச் சோறு கிடைக்காது.

ஒளிய இடுக்கு வேணுமே என்று கடலில் பவளம் எடுக்கப் போகாதீர்கள். 2001 முதல் கடினப் பவளங்களுக்குப் புலிக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு உண்டு. சிமென்டில் செய்த கல்லே போதும்.

இன்னொன்று. ராஸ் மீன்கள் பயந்தால் துள்ளும். காலையில் பார்த்தால் தரையில் காய்ந்து கிடக்கும். தொட்டி மேலே இடைவெளி இல்லாமல் வலை போட்டு மூடிவிட்டு, அப்புறம் மீனை வாங்குங்கள்.