புகையும் சாக்குப்போக்கும்

அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த புகையிலை, வெகு விரைவில் அரசர்களின் சினத்திற்கு ஆளாயிற்று. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604ஆம் ஆண்டில் புகையிலையைச் சாடித் தாமே ஒரு நூல் எழுதினார். அதன்மீதான இறக்குமதி வரியையும் பன்மடங்கு உயர்த்தினார். உதுமானியப் பேரரசின் சுல்தான் நான்காம் முராத், 1633இல் புகைப்போருக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார். ரஷ்யாவில் சாட்டையடியும் மூக்கறுப்பும் தண்டனைகளாயின. ஆயினும் பழக்கம் ஒழியவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் ரஷ்ய மன்னர் பீட்டர் தடையை விலக்கிக்கொண்டார்.

வாளுக்கும் அஞ்சாத இப்பழக்கத்தைக் காத்து நிற்பது எது? நிக்கோட்டின் என்னும் வேதிப்பொருள் மூளையில் உண்டாக்கும் அடிமைத்தனம் ஒன்று. அதற்குத் துணையாக மனம் சொல்லிக்கொள்ளும் சாக்குப்போக்கு மற்றொன்று. எங்கள் புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் கேட்கும் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

"நாளுக்கு ஒன்றுதான் டாக்டர்." தீங்கும் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. நாளுக்கு 20 சிகரெட் புகைப்பவருக்குக் கூடுதலாக ஏற்படும் மாரடைப்பு அபாயத்தில் ஏறத்தாழப் பாதி, ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் உண்டு.

"மனக்கவலை தீரப் புகைக்கிறேன்." முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் குறையும்போது படபடப்பும் எரிச்சலும் எழுகின்றன. அடுத்த சிகரெட் அவற்றைத்தான் தணிக்கிறது. கவலையின் காரணம் அப்படியே இருக்கிறது.

"இந்த வயதில் விட்டு என்ன பயன்?" பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. 50 வயதில் நிறுத்தியோர், நிறுத்தாதோரைவிடச் சராசரியாக 6 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். 60 வயதில் நிறுத்தியோர் 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர்.

உடனிருந்து பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். அன்பினால் எழும் கோபம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அதட்டலும் ஆணையிடலும் வீட்டுக்குள் நடக்கும் முராத்தின் ஆட்சியே. அஞ்சுபவர் புகைப்பதை நிறுத்துவதில்லை, மறைக்கத் தொடங்குகிறார். வீட்டாரிடம் மறைப்பவர், அவர்கள் அருகில் இருக்கையில் மருத்துவரிடமும் மறைக்கிறார். அறுவை சிகிச்சைக்கு முன்னர் இது ஆபத்தானது. புகைப்போருக்கு நுரையீரல் சிக்கல்கள் மிகுதி. காயம் ஆறவும் தாமதமாகும். நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தினால் இவ்வபாயங்கள் குறையும். ஆகவே உண்மையைச் சொல்ல அவருக்கு இடம் கொடுங்கள். தேவையானால் சற்று நேரம் எங்களிடம் தனியாகப் பேச விடுங்கள்.

புகைப்பவர்களுக்கும் ஒன்று சொல்வோம். நிறுத்தும் நாளைக் குறித்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கும். அதுவரை தண்ணீர் பருகுங்கள், சிறிது நடந்து வாருங்கள். முதல் வாரமே கடினமானது. நிக்கோட்டின் சூயிங்கம் முதலியவற்றை மருத்துவரின் ஆலோசனையுடன் பயன்படுத்தலாம். 1800 112 356 என்னும் இலவசத் தேசியத் தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் கிடைக்கும். ஒருமுறை தவறி மீண்டும் புகைத்துவிட்டால், அதையே சாக்காக்கிக் கைவிட்டுவிடாதீர்கள். பலர் சில முயற்சிகளுக்குப் பின்னரே முழுமையாக விடுபடுகின்றனர். அடுத்த முறை வரும்போது நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அங்கிருந்து மீண்டும் தொடங்குவோம்.