கொலு வைக்க ஆள் வெச்சா எவ்வளவு ஆகும்? எதுக்குக் காசு கொடுக்கலாம், எதுக்குக் கூடாது?

இன்னிக்கு எபிசோட் கோடிங் பத்தி இல்ல, ஆனா எஸ்டிமேஷன் பத்திதான். வீட்ல கொலு வைக்கிறதுக்கு டெக்கரேட்டர் வைக்கலாமா, வெச்சா எவ்வளவு ஆகும், அந்தக் காசுக்கு உண்மையில என்ன கிடைக்குது? 2025 நவராத்திரிக்கு எங்க வீட்ல முதல் தடவையா ஆள் வெச்சோம். அந்தக் கணக்கை அப்படியே உங்ககிட்ட சொல்லிடறேன்.

முதல்ல காரணம். எங்க வீடு நங்கநல்லூர்ல, ரெண்டாவது மாடி ஃப்ளாட். அம்மாவுக்கு மே மாசம் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்துச்சு. ஜூலையில, "இந்த வருஷம் கொலு வேண்டாம்டா, விட்டுடலாம்"னு அவங்களே சொன்னாங்க. சொல்லிட்டு சமையலறைக்குப் போயிட்டாங்க. கொலு வைக்கிற வீடுகள்ல இருக்கிறவங்களுக்கு இந்த வாக்கியத்தோட எடை தெரியும். ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாதுன்னு ஒரு நம்பிக்கை உண்டு. பாட்டி காலத்துலேருந்து நிக்காம வந்தது, எங்க அம்மா கையில நிக்கணுமா? அப்பாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். ரெண்டு பேருக்கும் கொலு வைக்கத் தெரியாது.

அன்னிக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன்.

மூணு கொட்டேஷன்

சென்னையில இப்ப இது ஒரு தனித் தொழில். கல்யாண மேடை, பிறந்தநாள் பலூன் டெக்கரேஷன் செய்றவங்க நவராத்திரி சீசன்ல கொலுவும் செய்றாங்க. கொலு மட்டுமே செய்றவங்களும் இருக்காங்க. எனக்கு வந்த மூணு விலையைச் சொல்றேன். இது எங்க வீட்டுக்கு, ஏழு படிக்கு, கிட்டத்தட்ட 140 பொம்மைக்குச் சொன்ன விலை. உங்க ஏரியாவுல கூடலாம், குறையலாம்.

முதல் ஆள் சொன்னது 45,000 ரூபாய். ஒரு தீம், பின்னாடி பேக்டிராப், பூ அலங்காரம், லைட், படி, தீமுக்கான பொம்மை செட் எல்லாமே அவங்களோடது. பத்து நாள் வாடகைக்கு. அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 8,100 ரூபாய். மொத்தம் 53,100. போட்டோ பார்த்தா கண்ணைப் பறிக்குது. ஆனா எங்க பொம்மைங்க பரண்லயே இருக்கும்.

ரெண்டாவது ஆள் 22,000. படி வாடகை, துணி, லைட் அவங்களோடது. பொம்மை நம்மளோடது. பிரிச்சு எடுக்கிறதுக்குத் தனியா 3,500.

மூணாவது ஒரு அக்கா. வேலைக்கு மட்டும் 9,000. அவங்களும் ரெண்டு பசங்களும் வருவாங்க. வெச்சும் கொடுப்பாங்க, நவராத்திரி முடிஞ்சதும் எடுத்துப் பெட்டியிலயும் போட்டுக் கொடுப்பாங்க. பொருள் எல்லாம் நம்மளோடது.

53,100-க்கும் 9,000-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் தரத்தோட வித்தியாசம் இல்ல. ரெண்டும் வேற வேற பொருள். முதல் ஆள் விக்கிறது ஒரு கொலு. மூணாவது ஆள் விக்கிறது கை வேலை. எதை வாங்கறோம்னு தெரியாம விலையை மட்டும் ஒப்பிட்டா தப்பாத்தான் முடியும்.

காசு எங்க போகுது?

ஒரு கொலுவை நாலு லேயரா பிரிச்சுப் பாருங்க.

ஒண்ணு, கட்டுமானம். படி கட்டறது. பாட்டி காலத்துல ட்ரங்க் பெட்டி, மேஜை, பலகை, அரிசி டின் எல்லாத்தையும் அடுக்கி மேல வேட்டியை விரிச்சிடுவாங்க. இப்ப மடக்கி வைக்கிற ஸ்டீல் படி வந்தாச்சு. எனக்குச் சொன்ன வாடகை 5,000, அதே அளவு படி வாங்கினா 14,000. மூணாவது வருஷமே காசு திரும்பிடும். பரண்ல இடம் இருந்தா வாங்கிடுங்க. இல்லன்னா வாடகைதான் சரி.

ரெண்டு, லைட்டும் துணியும். கொட்டேஷன்ல 'லைட்டிங்'னு பெரிய தொகை இருந்தா மிரள வேண்டாம். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கிற சாதாரண 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் பத்து மீட்டர் போட்டா 48 வாட். தினம் ஆறு மணி நேரம், பத்து நாள் எரிஞ்சாலும் மூணு யூனிட் வராது. ஸ்ட்ரிப், அடாப்டர், எக்ஸ்டென்ஷன் போர்டு எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 1,800. அடுத்த வருஷமும் அதையே போடலாம்.

மூணு, தேதி. இதை நிறைய பேர் யோசிக்கிறதில்ல. மகாளய அமாவாசை அன்னிக்குப் படி கட்டி, மறுநாள் நவராத்திரி ஆரம்பிக்கிறதுதான் பல வீடுகள்ல வழக்கம். 2025-ல அது செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில எல்லாருக்கும் அதே நாள் வேணும். அக்கா சொன்னாங்க: "எனக்கு சீசனே மூணு நாள்தான் தம்பி. அன்னிக்கு நாலு வீடு பார்ப்பேன். அஞ்சாவது வீடு கேட்டா முடியாது." நாம தர்ற விலையில ஒரு பங்கு அந்த ஒரு நாளுக்கான வாடகை.

அதனால நான் கேட்டேன், "சனிக்கிழமையே படியைக் கட்டிப் பொம்மையை எல்லாம் அடுக்கிட்டு, கலசத்தையும் மரப்பாச்சியையும் மட்டும் அமாவாசை அன்னிக்கு நாங்களே வெச்சுக்கலாமா?" அம்மா சரின்னாங்க, அக்கா 1,500 குறைச்சாங்க. 9,000 இப்ப 7,500 ஆச்சு. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுட்டு இதைச் செய்ங்க. எல்லா வீட்டு வழக்கமும் ஒண்ணு இல்ல.

நாலாவது லேயர், எந்தப் பொம்மை எங்கன்னு முடிவு பண்றது. இதுக்கு எந்தக் கொட்டேஷன்லயும் தனி வரி கிடையாது. இதைப் பத்தித்தான் நான் முக்கியமா பேசணும்.

சனிக்கிழமை நடந்தது

படி கட்ட, துணி விரிக்க, லைட் ஒட்ட ஒன்றரை மணி நேரம்தான் ஆச்சு. அந்தப் பசங்க கை அவ்வளவு வேகம். அதுக்கப்புறம் ஒரு பையன் முதல் பெட்டியைத் திறந்து, "எது மேல வரும் அக்கா?"ன்னு கேட்டான். அவன் கேட்டது டெக்கரேட்டர் அக்காவை. அவங்க எங்க அம்மாவைப் பார்த்தாங்க.

அம்மா நாற்காலியில உட்கார்ந்தபடியே சொல்ல ஆரம்பிச்சாங்க. மேல் படியில சாமி, நடுவுல மகான்கள், கீழே மனுஷங்க, கடைசிப் படியில செட்டியார் பொம்மையும் மளிகைக் கடையும். இது எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா தசாவதார செட்ல பலராமர் மட்டும் ஏன் வேற நிறம்? பழையது உடைஞ்சு, காஞ்சிபுரத்துல தனியா ஒண்ணு தேடி வாங்கினது. விளாச்சேரி கிராமத்துச் செட்டுல கிணறு ஏன் இல்ல? நான் நாலு வயசுல போட்டு உடைச்சேனாம். கழுத்துல ஒட்டு போட்ட ஒரு வீணை பொம்மையை ஒரு பையன் பின்னாடி தள்ளப் போனான். "அது முன்னாடிதான் நிக்கும். எங்க மாமியார் முதல் வருஷம் எனக்கு வாங்கிக் கொடுத்தது"ன்னாங்க அம்மா.

இந்த வீட்ல 28 வருஷம் இருந்திருக்கேன். இதுல பாதி எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

சாஃப்ட்வேர்ல 'பஸ் ஃபேக்டர்'னு ஒண்ணு சொல்வோம். ஒரு டீம்ல எத்தனை பேர் திடீர்னு வராம போனா புராஜெக்ட் நின்னுடும்னு ஒரு கணக்கு. எங்க வீட்டுக் கொலுவோட பஸ் ஃபேக்டர் ஒண்ணு. எல்லாமே ஒருத்தர் தலைக்குள்ள இருந்துச்சு. அவங்க முழங்கால் மடங்காம போனதும் சிஸ்டமே டவுன்.

இன்னொண்ணும் உறைச்சுது. தூசி துடைக்க, துணி மடிக்க, அடுக்க, திரும்பக் கட்டன்னு அக்கா அனுப்பின வேலைப் பட்டியலைப் படிச்சப்ப, இத்தனை வருஷம் இதையெல்லாம் யார் செஞ்சதுன்னு யோசிச்சேன். நானும் அப்பாவும் பரண்லேருந்து பெட்டியை இறக்கிக் கொடுப்போம். அதுக்கப்புறம் சுண்டலுக்குத்தான் வருவோம். அம்மா செஞ்ச வேலைக்கு ஒருத்தர் விலை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த விலைகூட நவராத்திரி நாட்கள்ல சுண்டல் செஞ்சு, வர்றவங்களுக்கு வெத்தலை பாக்கு கொடுக்கிறதைச் சேர்க்காம.

அப்ப வொர்த்தா?

நம்மள மாதிரி ஆட்கள் உடனே ஒரு கணக்குப் போடுவோம். என் சம்பளத்தை மணிக்கு இவ்வளவுன்னு வகுத்து, கொலுவுக்கு ஆகுற மணி நேரத்தால பெருக்கினா, ஆள் வைக்கிறதுதான் லாபம்னு வரும். அந்தக் கணக்கு தப்பு. சனிக்கிழமை சாயங்காலம் நான் சும்மா இருந்தா யாரும் எனக்குச் சம்பளம் தரப் போறதில்ல. எங்க வீட்ல பற்றாக்குறை நேரத்துக்கு இல்ல. ஸ்டூல் மேல ஏறவும், கீழே உட்கார்ந்து எழவும் முடிஞ்ச, வேலை தெரிஞ்ச ஒரு ஆளுக்குத்தான்.

அந்த ஆளுக்குக் கொடுத்த 7,500 எனக்கு நியாயமாப் பட்டது. அதுல பாதி, பிரிக்கிற வேலைக்கே தகும். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சிடுவோம். வெள்ளிக்கிழமை பிரிக்க வேண்டாம்னு அம்மா சொன்னதால, அக்டோபர் 4, சனிக்கிழமை வந்தாங்க. மண் பொம்மையை எப்படிச் சுத்தணும், மூக்கும் விரலும் உடையாம எந்தப் பக்கம் படுக்க வைக்கணும், காகிதக்கூழ் பொம்மையைச் ஈரம் படாம எப்படி வைக்கணும்னு அந்தப் பசங்க செஞ்சதைப் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டேன்.

நீங்க ஆள் வைக்கிறதா இருந்தா அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேளுங்க:

பிரிச்சுப் பெட்டியில போடறது விலையில சேருமா? நிறைய பேர் வெச்சுட்டுப் போறதுக்கு மட்டும்தான் விலை சொல்றாங்க.

பொம்மை உடைஞ்சா யார் பொறுப்பு? எங்க வீட்ல, 'விலை மதிக்க முடியாத நாலு பொம்மையை நாங்களே தூக்குவோம்'னு பேசிக்கிட்டோம். ரெண்டு பக்கமும் நிம்மதி.

என்னிக்கு, எத்தனை மணிக்கு, யார் வருவாங்க? அமாவாசை அன்னிக்கு 'மத்தியானம் வரோம்'னா அது ராத்திரி பத்தாகவும் ஆகலாம்.

ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா? சேர்க்கலைன்னா மொத்தத்தை எழுதி வாங்குங்க.

வயரிங் எப்படி? அடாப்டரைத் துணிக்கு அடியில புதைச்சு வைக்க விடாதீங்க, அது சூடாகும். எண்ணெய் விளக்குக்கும் தொங்குற துணிக்கும் நடுவுல நல்ல இடைவெளி வேணும்.

எங்க மொத்தச் செலவு: ஆள் கூலி 7,500, படி 14,000, லைட் 1,800. 23,300 ரூபாய். இதுல 15,800 திரும்பத் திரும்பப் பயன்படற பொருள்.

அடுத்த வருஷம்? படி கட்டவும் அடுக்கவும் அக்காவையே கூப்பிடுவோம், இப்பவே சொல்லி வெச்சாச்சு. பிரிக்கிற வேலை இனி என்னோடது. அன்னிக்கே பெட்டிகளுக்கு நம்பர் போட்டேன், மொத்தம் 11. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு போட்டோ, எந்தப் பெட்டி, எந்தப் படி, எங்கேருந்து வந்ததுன்னு ஒரு ஷீட். அம்மா சொல்லச் சொல்ல டைப் பண்ணினேன். 140-ல இதுவரைக்கும் 96 முடிஞ்சிருக்கு. மீதி 44-க்கு அவங்க யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க.

உங்க வீட்ல கொலுவோ, குடிலோ, வேற எதுவோ, யாரோ ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் ஒரு லிஸ்ட் இருக்கும். டெக்கரேட்டருக்கு போன் பண்றதுக்கு முன்னாடி அவங்க பக்கத்துல ஒரு மணி நேரம் உட்காருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.