120 சதுர அடியில் தொடங்கிய கணக்கு

1900-ஆம் ஆண்டு தொடங்கியபோது ஐடா ஸ்கடருக்கு வயது 29. அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலூருக்கு வந்து இறங்கியபோது அவரிடம் இருந்த பெரிய சொத்து 10,000 டாலர். நியூயார்க்கில் வங்கித் தலைவராக இருந்த ராபர்ட் ஷெல், மறைந்த தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகக் கொடுத்த பணம் அது. பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டிக்கொள் என்றுதான் அவரை அனுப்பிய கிறிஸ்தவ மிஷன் சொல்லியிருந்தது. கிடைத்தது 2,000 கூடுதல்.

அந்தப் பணம் நம் கணக்கில் எவ்வளவு? 1899-ல் ஒரு பவுன் ஸ்டெர்லிங்குக்கு 15 ரூபாய் என்று இந்திய அரசு நிலையாக வைத்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைச் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்கு அனுப்பிய நம் வட்டாரத்து வியாபாரிகளுக்கும் அதே விகிதத்தில்தான் பில் தீர்ந்தது. பவுனுக்குச் சுமார் 4.87 டாலர். அதன்படி ஒரு டாலர் ஏறத்தாழ 3 ரூபாய் 1 அணா, 10,000 டாலர் ஏறத்தாழ 30,800 ரூபாய். தங்கமாகச் சொன்னால் இன்னும் எளிதாக விளங்கும். நகைக்கடையில் நாம் இன்றும் கேட்கிற 8 கிராம் பவுன், அந்தக் கால ஆங்கிலப் பவுன் நாணயத்தின் எடைதான். ஷெல் கொடுத்தது சுமார் 2,055 பவுன், பதினாறு கிலோவுக்கு மேல். 1902-ல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனையில் 40 படுக்கைகள். முழுப் பணமும் அதற்கே போனதாகக் கொண்டால் படுக்கைக்கு 770 ரூபாய், அதாவது 51 பவுன். வசதியான வீட்டுக் கல்யாணம் ஒன்றில் பெண்ணுக்குப் போடுகிற நகை, ஒரு நோயாளி படுக்க இடமானது.

எழுதுவதற்கு எளிதான பக்கம் இது. செலவுப் பக்கம் அவ்வளவு எளிதல்ல.

முதல் பக்கத்தில் இருந்த சாவுகள்

ஸ்கடர் குடும்பத்தின் கணக்கு 1819-ல் தொடங்குகிறது. ஐடாவின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் அந்த ஆண்டு ஜூன் 8 அன்று பாஸ்டனில் மனைவி ஹாரியட்டோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறினார். அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட முதல் மருத்துவ மிஷனெரி அவர். நான்கு மாதக் கடல் பயணம் முடிந்து கல்கத்தாவில் இறங்கியதும் குழந்தை இறந்தது. அதைப் புதைத்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். பண்டத்தரிப்பில் மருந்துச்சாலை நடத்தினார்கள். ஹாரியட் பெற்ற பிள்ளைகள் 14. தங்கிய ஆண்பிள்ளைகள் ஏழு பேரும் மிஷனெரிகளானார்கள். நான்கு தலைமுறைகளில் இந்தக் குடும்பத்தார் 42 பேர் 1,100 ஆண்டுகளுக்கு மேல் பணி செய்தார்கள் என்று குடும்ப வரலாறு கூட்டிக் காட்டுகிறது. சராசரி ஆளுக்கு 26 ஆண்டு. அந்தக் கூட்டுத்தொகைக்குள் முதல் வரியாகக் கல்கத்தாவில் புதைத்த குழந்தை இருப்பதை நாம் மறக்கக் கூடாது.

ஜானின் பிள்ளைகள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் மூவரும் 1853-ல் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பின்னால் அதே பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீண்டு தோலையும் மிஷனெரிகளையும் சேர்த்தே சுமந்தது. இன்னொரு தம்பி சைலஸ் 1866-ல் தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்றைய ராணிப்பேட்டை ஸ்கடர் நினைவு மருத்துவமனை.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஐந்து அண்ணன்களுக்குப் பின் ஒரே பெண். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசியால் சுருண்டு கிடந்த பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டுப் போட்டவர். அந்தக் குழந்தை வளர்ந்ததும் இந்தியாவே வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. 1890-ல் அவர் திண்டிவனம் வந்தது நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத்தான். சீக்கிரம் திரும்பிவிடுவதாகவே இருந்தார்.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். அவர்களில் பிராமணரும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்ததும் ஆளனுப்பிக் கேட்டார். மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

ஐடா மருத்துவம் படிக்கப் போனதற்கு இந்த மூன்று சாவுகளே காரணம் என்பது பலருக்கும் தெரிந்த கதை. கதையாகவே சொல்லிச் சொல்லி, அந்த மூன்று பேரும் யாருடைய மகள், யாருடைய தங்கை என்பது மறைந்துபோனது. பெண்களுக்கென்றே சென்னையில் 1885-லேயே ஒரு கோஷா மருத்துவமனை வந்துவிட்டது. ஆனால் பிரசவ வலி எடுத்த பெண்ணை மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோவது எப்படி? வழக்கம், தூரம் இரண்டும் சேர்ந்து கொன்றன. வழக்கத்தை மட்டும் பழிப்பவர்களுக்குப் பாதிக் கணக்குதான் தெரியும்.

பூஜ்யத்திலிருந்து 128 வரை

வேலூரில் ஐடா முதலில் வைத்தியம் பார்த்த இடம் அப்பாவின் பங்களாவில் ஓர் அறை. 10 அடிக்கு 12 அடி, 120 சதுர அடி. ஒரு படுக்கை. உதவிக்கு வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமி.

பட்டம் வாங்கிய இளம் டாக்டருக்கு அப்பாவின் முப்பது, நாற்பது வருட அனுபவம் கைகொடுக்கும் என்பதுதான் திட்டம். அப்பா 1900 மே மாதமே புற்றுநோயில் இறந்தார். ஐந்தே மாதம். அதற்குப் பிறகு சந்தேகம் கேட்க ஆள் இல்லை. முதலில் அழைத்த வீட்டில் நோயாளியைக் காப்பாற்றவும் முடியவில்லை. கைமீறிய பிறகுதான் கூப்பிட்டிருந்தார்கள். ஆனாலும் டாக்டரம்மா போன வீட்டில் சாவு என்ற பேச்சு ஊரைச் சுற்றியது. நாள் முழுக்கக் கதவைத் திறந்து வைத்தும் ஒருவரும் வரவில்லை. வெளிநாட்டுக்குச் சேவை செய்யப் போகிற இளைஞர்கள் பயப்படுவது காய்ச்சலுக்கும் பாம்புக்கும். தன்னை ஒருவரும் நாடாத நாட்களைத் தாங்குவது அதைவிடக் கடினம் என்று நினைக்கிறேன்.

பிறகு கண்வலியோடு ஒருவர் வந்தார். குணமாகிப் போய் நாலு பேரிடம் சொன்னார். இரண்டு வருடத்தில் 5,000 நோயாளிகள் ஆனார்கள். நாளுக்கு ஏழு பேர் கணக்கு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் நகரத்தில் இருந்தவர்களே சுமார் 43,500 பேர். 1906 வாக்கில் ஆண்டுக்கு 40,000 நோயாளிகள். ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு வேலூர் நகரமே அந்த வாசலைக் கடந்தது போல. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் நாளுக்கு 128 பேர். நோயாளிக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் பத்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அறுவை சிகிச்சையும் பிரசவமும் அதற்குமேல்.

மாவட்டத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பெரிய எண்ணும் சுருங்குகிறது. வட ஆற்காடு மாவட்டத்தில் அப்போது சுமார் 22 லட்சம் பேர். அவர்களில் பாதி பெண்கள் என்றால் 11 லட்சம். இந்த மருத்துவமனையின் 40 படுக்கையை அவர்களுக்குப் பங்கிட்டால் 27,500 பெண்களுக்கு ஒரு படுக்கை. எத்தனை ஷெல்கள் பணம் கொடுத்தாலும், எத்தனை ஐடாக்கள் கப்பலேறி வந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. அதை ஐடாவே சீக்கிரம் உணர்ந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கிற இடம் இதுதான்.

குடியாத்தம் சாலை

வேலூரிலிருந்து குடியாத்தம் சுமார் 35 கிலோமீட்டர். மாட்டு வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் போனால் ஒன்பது மணி நேரம். 1909-ல் ஐடாவுக்கு ஒரு பெஜோ கார் கிடைத்தது. மாடும் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்துப் பேய் என்று ஜனங்கள் ஓடினார்கள். பயம் தெளிந்ததும் மரத்தடிகளில் காத்திருக்கத் தொடங்கினார்கள். வாரம் ஒருமுறை, குறித்த மரத்தடியில், கார் நிற்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, பல் பிடுங்குதல் எல்லாம் சாலையோரத்திலேயே நடக்கும். ஒன்பது மணி நேரத் தூரத்தைக் கூலி வேலையை விட்டுவிட்டு நோயாளி கடப்பதைவிட, டாக்டர் கடப்பது மொத்தத்தில் மலிவு. இந்தக் கணக்கு இன்றைக்கும் பல திட்டங்களில் தலைகீழாகத்தான் இருக்கிறது.

குடியாத்தத்துக்கு இன்னும் தெற்கே வேறு மிஷனெரிகள் இருந்தார்கள். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அனுப்பிய தியோடர் நேதர் 1895-ல் கிருஷ்ணகிரியில் வேலை தொடங்கினார். 1904-ல் பிளேக் அவரைக் கொண்டுபோனது. ஒன்பது வருடம்தான். ஸ்கடர் குடும்பத்தின் 26 வருடச் சராசரிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். அதே சபையின் பணியிலிருந்து வந்தவைதான் ஆம்பூரின் கன்கார்டியா பள்ளியும் பெத்தேஸ்தா மருத்துவமனையும். தோல் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் இன்றும் கடக்கிற சாலைகளில் இருக்கின்றன.

மதம் பரப்ப வந்தவர்கள்தானே என்ற கேள்வி நியாயமானது. ஆம், அதற்காகத்தான் மிஷன் அவர்களை அனுப்பியது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் மதம் மாறியவர்கள் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவர்களை அளப்பவர்கள், அனுப்பியவர்களானாலும் எதிர்த்தவர்களானாலும், சரியான பேரேட்டைப் புரட்டவில்லை என்பது என் கருத்து.

14 பேர்

சரியான பேரேடு 1909-ல் திறந்தது. அந்த ஆண்டு வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அடுத்தது பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆறு பேர் சேர்ந்தால் தொடங்கலாம் என்றாராம் மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி. 1918 ஆகஸ்ட் 12 அன்று ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு தொடங்கி வைத்தபோது சேர்ந்திருந்தவர்கள் 17 பேர். உலகப் போர் முடியாத ஆண்டு அது. நான்கு வருட எல்.எம்.பி. படிப்பு. 1922-ல் 14 பேர் சென்னையில் தேர்வு எழுதினார்கள். ஆண்கள் படித்த பள்ளிகளில் ஐந்தில் ஒருவர் தேறிய தேர்வில் இந்த 14 பேரும் தேறினார்கள் என்று, அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரியின் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

14 என்ற எண்ணை 10,000 டாலருக்கும் 40,000 நோயாளிக்கும் மேலே வைக்கிறேன். திண்டிவனத்துக் கதவில் மூன்று ஆண்கள் கேட்டது பெண் கை. அந்தக் கைக்காக ஐடா அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்ப ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. வேலூர்ப் பள்ளியோ நான்கே வருடத்தில் 14 பெண்களின் கையில் மருத்துவத்தைக் கொடுத்தது. தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசுகிற வீடுகளுக்கு அவர்கள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போக முடியும். கடல் கடக்க வேண்டாம்.

இதற்குப் பிறகு பணம் பெரிய எண்களில் வந்தது. ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள், லூசி பீபாடி தலைமையில், 20 லட்சம் டாலர் திரட்டினார்கள். ராக்பெல்லர் தரப்பு மேலும் 10 லட்சம் கொடுத்தது. ஏழில் வேலூரும் ஒன்று. வேலூர்க் கல்லூரியில் ஆண்கள் 1947-ல் சேர்க்கப்பட்டார்கள். 1940-களின் இறுதியில் டாக்டர் ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். ஐடா 1946-ல் ஓய்வு பெற்று, 1960 மே மாதம் கோடைக்கானலில் இறந்தார். ஒரு படுக்கையில் தொடங்கியது இன்று 3,000 படுக்கைகளைத் தாண்டிவிட்டது. 2022-ல் ராணிப்பேட்டையிலும் பெரிய வளாகம் திறந்தது.

இந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் இன்னும் நிரம்பவில்லை. கொடுத்தவர்களின் பெயர் கட்டடங்களில் இருக்கிறது. 120 சதுர அடி அறையில் ஐடாவுக்குக் கைகொடுத்த சலோமியைப் போல, ஆரம்ப ஆண்டுகளில் வேலை செய்த கம்பவுண்டர்கள், ஆயாக்கள், செவிலியர்கள், கார் ஓட்டியவர்கள், 1920-களிலும் 30-களிலும் படித்து வெளியே போன பெண் டாக்டர்கள் வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக் குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். உங்கள் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ அவர்களில் ஒருவராக இருந்தால், அவர் பெயர், படித்த ஆண்டு, வாங்கிய சம்பளம், பார்த்த ஊர் என்று தெரிந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். புகைப்படம் இருந்தால் பின்பக்கத்தில் பெயர் எழுதுங்கள். இந்த வேலையை வீட்டிலிருந்துதான் தொடங்க முடியும்.