பூரியும் கோபால்பூரும்: நாங்கள் இருவர் மட்டும் போன பயணம்

கல்கத்தாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஒரே பொருள்தான்: ஊருக்குப் போவது. தம்பி பெண்ணுக்குக் கல்யாணம், அத்தைக்குச் சதாபிஷேகம், நிலத்துக்கு வரி கட்ட வேண்டும் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். சென்னை மெயிலிலோ கோரமண்டலிலோ ஏறினால் இரண்டு நாள் கழித்து ஊர். திரும்பும்போது பெட்டி நிறைய அப்பளம், வடாம், நல்லெண்ணெய். ஊருக்குப் போகாத ஆண்டில் ஊர் நம்மிடம் வந்துவிடும். காசி, கயா போகிற உறவினர்கள் வழியில் நம் வீட்டில் தங்கி, காளிகட், தக்ஷிணேஸ்வரம் பார்த்துவிட்டு, "பூரிக்கும் ஒரு நடை போய்விடலாமே, நீயும் வாயேன்" என்பார்கள்.

நம் அண்டை வீட்டு வங்காளிகளைப் பாருங்கள். அவர்களிடம் 'தீபுதா' என்று ஒரு சொல் உண்டு. தீகா, பூரி, டார்ஜிலிங் ஆகிய மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தது. காற்று மாறினால் உடம்பு தேறும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. மங்கி கேப்பும் மருந்து டப்பாவுமாக, யாருடைய கல்யாணமும் இல்லாமலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 1986-இல், டாலிகஞ்சுக்கு மெட்ரோ வந்த அதே ஆண்டில், நாங்கள் இங்கே குடிவந்தோம். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக இதைப் பார்த்து வியந்திருக்கிறேனே தவிர, நாமும் செய்யலாம் என்று தோன்றியதில்லை.

அதுவரை பூரிக்கு ஏழு தடவை போயிருந்தேன். ஏழு தடவையும் உறவினர்களோடு. தர்மசாலாவில் ஓர் அறை, பையில் ஸ்டவ்வும் புளிக்காய்ச்சலும், கையில் மாமியாரின் மாத்திரை. கோயில் வரிசையில் எல்லோரையும் எண்ணி எண்ணி நிறுத்துவதிலேயே பொழுது போய்விடும். கடலை ரிக்ஷாவில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு இறுதியில் ஊரிலிருந்து நான்கு பேர் வருவதாக இருந்தது. எங்களையும் சேர்த்துப் பூரிக்கு ஆறு டிக்கெட் எடுத்தாயிற்று. கடைசியில் அவர்களால் வர முடியவில்லை. ஆறையும் ரத்து செய்ய உட்கார்ந்த என் கணவர், "நாலு மட்டும் போதுமா?" என்று கேட்டார். எங்கள் நாற்பதாவது மணநாளும் அந்த வாரம்தான். இப்படித்தான் புறப்பட்டோம். இந்தத் தடவை தர்மசாலா வேண்டாம், கடலோரப் பழைய ஹோட்டல்களில் தங்கலாம் என்பது அவர் யோசனை. செலவைக் கேட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு சாப்பாடு

இப்போது டாலிகஞ்சிலிருந்து ஹவுரா போக டாக்ஸிக்காரரிடம் மன்றாட வேண்டாம். நம் ஸ்டேஷனில், அதாவது மகாநாயக் உத்தம் குமார் ஸ்டேஷனில், ஏறி எஸ்பிளனேடில் மாறினால், 2024 மார்ச்சில் திறந்த புதுப் பாதை ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலேயே சென்று ஹவுரா ரயில் நிலையத்தில் விட்டுவிடுகிறது. பெட்டி சின்னதாக இருந்தால் நிம்மதியான வழி.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கி டிரிங்காஸில் சாப்பிட்டோம். நம் உஷா உதுப், 1969-இல் புடவை கட்டிக்கொண்டு மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடிய இடம் அது. பம்பாயில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். நைட் கிளப்பில் புடவையா என்று வியந்த ஊரே பிறகு அவரைத் தன் பெண்ணாக்கிக்கொண்டது. எத்தனையோ தடவை அந்த வாசலைக் கடந்திருந்தும் அன்றுதான் உள்ளே போனோம். மெனு கார்டைத் திறந்ததும் என் கண் வலது ஓரத்து விலைக்குத்தான் போயிற்று. என் கணவர் கார்டை மெதுவாக வாங்கி மூடிவிட்டு அவரே சொல்லிவிட்டார்.

ரயில்காரர்கள் நடத்திய ஹோட்டல்

பூரிக்கு ரயில்பாதை வந்தது 1897-இல். அதற்கு முன்னால் கல்கத்தாப் பக்கத்து யாத்ரீகர்கள் ஜகந்நாத சாலை வழியே வாரக்கணக்கில் நடந்துதான் போவார்கள். ரயில் வந்ததும் யாத்ரீகர்களோடு இன்னொரு கூட்டமும் வந்தது: கல்கத்தாப் புழுக்கத்திலிருந்து தப்பிக் கடல்காற்று வாங்க விரும்பியவர்கள். அவர்களுக்காகப் பெங்கால் நாக்பூர் ரயில்வே, சுருக்கமாக பி.என்.ஆர்., 1925-இல் பூரிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலைத் திறந்தது. டிக்கெட்டும் விற்கலாம், அறையும் விற்கலாம் என்ற கணக்கு. பின்னாளில் அது தென்கிழக்கு ரயில்வேயின் ஹோட்டல் ஆயிற்று. இப்போது தனியார் நிர்வாகத்தில் சாணக்யா பி.என்.ஆர். ஹோட்டல் என்ற பெயரில் நடக்கிறது. ரிக்ஷாக்காரருக்கு "பி.என்.ஆர்." என்றாலே போதும்.

அகலமான வராந்தா, உயரமான கூரை, எதிரே கடல். நம் பக்கத்துப் பழைய கலெக்டர் பங்களாக்களை நினைவுபடுத்தும் கட்டடம். 2019 மே 3-ஆம் தேதி ஃபானி புயல் பூரிக்கு அருகேதான் கரையைக் கடந்தது. ஊர் முழுக்க மரங்கள் சாய்ந்து, பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் தவித்த இடம் அது. இன்று பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பழைய ரயில்வே ஹோட்டல்களுக்கென்று ஒரு சமையல் உண்டு. சூப்பில் ஆரம்பித்து காரமெல் கஸ்டர்டில் முடியும். வெள்ளை சாஸில் வேகவைத்த காய்கறியின் மேல் சீஸ் தூவிச் சுட்டுக் கொண்டுவருவார்கள். நான் சைவம். என் கணவர் கல்கத்தாவுக்கு வந்த இரண்டாம் ஆண்டே மீனுக்கு மாறியவர். கஸ்டர்டில் முட்டை உண்டா என்று நான் கேட்டதற்கு, முட்டை இல்லாமல் கஸ்டர்டா என்று பேரருக்கு ஆச்சரியம். ஆகவே இரண்டு பங்கும் இவருக்கே.

ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தபோது எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. வீட்டில் நான் பரிமாறுவேன், அவர் சாப்பிடுவார், பிறகு நான் சாப்பிடுவேன். பிள்ளைகள் இருந்த காலத்தில் அவர்கள் பேச்சு. அவர்கள் வெளியூர் போன பிறகு டெலிவிஷன் பேச்சு. நாற்பது ஆண்டில் இப்படி எதிரெதிரே, எழுந்து போக வேண்டிய வேலை எதுவும் இல்லாமல், இருவரும் உட்கார்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மோர் கொண்டுவர இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தேன். "உட்காரு, கொண்டுவந்து கொடுப்பார்கள்" என்றார்.

காலையில் கடற்கரையில் உட்கார்ந்தோம். பூரி அலை பொல்லாதது. குளிக்க விரும்புவோரைக் கைபிடித்து அழைத்துப் போக 'நுலியா' என்ற மீனவர்கள், கூம்பு போன்ற பிரம்புத் தொப்பி அணிந்து நிற்பார்கள். அவர்கள் வீட்டு மொழி தெலுங்கு. எங்களுக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் பேசியதும் ஒருவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என்னை முழங்கால் தண்ணீர்வரை அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திருப்பிவிட்டார்.

கோயிலுக்கும் போனோம், வரிசையில் யாரையும் எண்ணாமல். இந்தக் கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன், தாய்வழியில் சோழர் பேரன். பெயரிலேயே சோழம் இருக்கிறது. ஆனந்த பஜாரில் மகாபிரசாதம் வாங்கிச் சாப்பிட்டோம். விறகடுப்பில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கிறார்கள். வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கும் தக்காளியும் கூடச் சேர்ப்பதில்லை. சாதி பார்க்காமல் யாரும் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். உள்ளதைச் சொல்வதானால், பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு இதுதான். விலையும் குறைவு.

ரயில் ஜன்னலில் மட்டும் பார்த்த ஊர்

மூன்றாம் நாள் காரில் தெற்கே கிளம்பினோம். நான்கு மணி நேரப் பயணம். வழியில் சிலிகா ஏரி. ஊருக்குப் போகும்போதெல்லாம் மெயில் வண்டியின் ஜன்னலில் காலைக் காப்பியோடு பார்ப்போமே, அதே ஏரி. அதைத் தாண்டினால் பிரம்மபூர். பெர்ஹாம்பூர் என்றால் பழையவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து சுமார் பதினாறு கிலோமீட்டரில் கோபால்பூர் கடற்கரை.

இங்கே 1914-இல் இத்தாலியர் ஒருவர் பாம் பீச் ஹோட்டலைக் கட்டினார். நம் சௌரங்கியின் கிராண்ட் ஹோட்டலை எடுத்து நடத்திப் புகழ்பெற்ற அதே மோகன் சிங் ஓபராய், 1947-இல் இதையும் வாங்கினார். இப்போது மேஃபேர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பூரியின் கூட்டம் இங்கே கிடையாது. தோட்டத்தைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். இந்த ஊரும் புயல் பார்த்த ஊர்தான். 2013 அக்டோபர் 12-ஆம் தேதி பைலின் புயல் இங்கேதான் கரையேறியது.

கோபால்பூர் ஒரு காலத்தில் துறைமுகம். கஞ்சம் மாவட்டத்து ஏழைகள் கூட்டம் கூட்டமாக இங்கே கப்பலேறி ரங்கூனுக்குப் பிழைக்கப் போனார்கள். நம் ஆட்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியதைப் போலத்தான். இரண்டாம் உலகப் போரோடு அந்தப் போக்குவரத்து ஓய்ந்துவிட்டது. பழைய துறையின் தூண்கள் மட்டும் கடற்கரையில் நிற்கின்றன.

அந்தத் தூண்களின் அருகே உட்கார்ந்திருந்தபோது என் கணவர் தம் தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தாத்தா ரங்கூனில் கணக்கு எழுதியவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டதும் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள் அல்லவா, அவரும் அதில் ஒருவர். நடந்தும் படகிலுமாகச் சிட்டகாங் வந்து, கல்கத்தா வழியாக ஊர் போய்ச் சேர்ந்தாராம். "ஊருக்கு வந்தபிறகு முப்பது வருஷம் இருந்தார். வாசலில் உட்கார்ந்து ரங்கூனைப் பற்றித்தான் பேசுவார். அந்தக் கடைத்தெரு, அந்த டிராம், அந்த மழை. எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டாலிகஞ்சை விட்டுப் போனால் நானும் அப்படித்தான் ஆவேன்" என்றார்.

இதன் கனம் நம் வாசகர்களுக்குப் புரியும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்கள் வீட்டில் முடியாமல் கிடந்த வழக்கு அது. ஊரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறோம். ஃபிளாட்டை விற்றுவிட்டு அங்கே போய் வீடு கட்டுவதா, இங்கேயே இருப்பதா? எனக்கு இங்கே லேக் மார்க்கெட் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஆபத்துக்கு ஓடிவரும் எதிர்வீட்டு மாஷிமா இருக்கிறார். ஆனால் அவருக்கு ஊர் ஆசை என்று எண்ணி நான் வாய் திறக்கவில்லை. எனக்கு ஊர் ஆசை என்று எண்ணி அவரும் திறக்கவில்லை! அன்று மாலை இருட்டும்வரை பேசினோம். மனையை விற்பது, ஃபிளாட்டின் குளியலறையில் வழுக்காத தரை போடுவது, ஆண்டுக்கு ஒரு முறை ஊர் என்று முடிவாயிற்று. இரவுச் சாப்பாட்டு மேஜையில் நான் மோருக்காக எழுந்திருக்கவில்லை.

போக விரும்புவோருக்கு

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை நல்ல காலம். ரத யாத்திரை, துர்கா பூஜை, கிறிஸ்துமஸ் வாரங்களில் பூரியில் அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறிவிடும். மே, அக்டோபர் புயல் மாதங்கள். வானிலைச் செய்தி பார்த்துக் கிளம்புங்கள். ஹவுராவிலிருந்து பூரி சுமார் 500 கிலோமீட்டர், இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். பகலில் போக விரும்பினால் 2023 மே முதல் வந்தே பாரத் வண்டி இருக்கிறது. இந்த ஹோட்டல்களில் தங்க வசதிப்படாதவர்கள், பக்கத்தில் எளிய விடுதியில் தங்கிக்கொண்டு அங்கே ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கலாம். முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய்வருவது நல்லது.

உறவினர்கள் வந்தால் அவர்களையும் வழக்கம்போல அழைத்துப் போங்கள். அது நம் கடமை. அது வேறு பயணம், இது வேறு பயணம். இதற்கு ஸ்டவ்வும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.