சினைப்பைப் புற்றுநோயும் நிணநீர்க் கணுப் பரிசோதனையும்

பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் சினைப்பைப் புற்றுநோய் மறைந்து வளரும் இயல்புடையது. வயிற்று உப்புசம், பசியின்மை போன்ற சாதாரண உபாதைகளாகவே அது தலைகாட்டுவதால், பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுகின்றனர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 47,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 33,000 பேர் உயிரிழந்தனர். இந்நோய்க்கான சிகிச்சையைத் தீர்மானிக்கும் கேள்விகளுள் ஒன்று, அது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியுள்ளதா என்பதாகும்.

பரவும் வழிகள்

சினைப்பையின் நிணநீர் மூன்று வழிகளில் வடிகிறது. முதலாவது, சினைப்பை இரத்தக் குழாய்களை ஒட்டி மேலேறி, சிறுநீரகங்களின் மட்டத்தில் பெருந்தமனியைச் சூழ்ந்துள்ள கணுக்களை அடைகிறது. இரண்டாவது, இடுப்புக் குழியின் கணுக்களுக்குச் செல்கிறது. மூன்றாவது, அரிதாகத் தொடையிடுக்குக் கணுக்களைச் சேர்கிறது. எனவே இடுப்புப் பகுதியை மட்டும் சோதித்து மேல்வயிற்றை விட்டுவிடுவது முழுமையான பரிசோதனை ஆகாது.

கட்ட நிர்ணயம்

2014இல் வெளியான பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் பகுப்பின்படி, கட்டி சினைப்பைக்குள் அடங்கியிருப்பின் அது முதற்கட்டம். பெருந்தமனியையோ இடுப்பையோ ஒட்டிய கணுக்களில் புற்றணுக்கள் காணப்படின், வேறெங்கும் பரவாவிடினும் மூன்றாம் கட்டமாகும். தொடையிடுக்குக் கணுக்களில் காணப்படின் அது நான்காம் கட்டம். இவ்வேறுபாடு பெயரளவிலானதன்று. அபாயம் குறைந்த முதற்கட்ட நோயாளிகளுள் சிலருக்கு அறுவை சிகிச்சையே போதுமானது; மூன்றாம் கட்ட நோய்க்கோ வேதிமருந்துச் சிகிச்சை இன்றியமையாதது. தொடக்கநிலை எனத் தோன்றும் நோயாளிகளுள் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்குக் கணுக்களில் பரவல் இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. கணுக்களைச் சோதிக்கத் தவறினால், இத்தகையோர் தேவையான மருந்தின்றி விடப்படக் கூடும்.

பரிசோதனை முறைகள்

சி.டி. ஸ்கேன் கணுவின் பருமனை மட்டுமே காட்டும். பொதுவாகக் குறுக்களவு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயத்திற்குரியதாகக் கருதுவர். ஆயினும் இயல்பான அளவுள்ள கணுவிலும் புற்றணுக்கள் ஒளிந்திருக்கலாம். காசநோய் போன்ற தொற்றினாலும் கணுக்கள் பெருக்கலாம். சர்க்கரையை ஈர்க்கும் திறனை அளவிடும் பெட் ஸ்கேன் சிறந்ததெனினும், நுண்ணிய படிவுகள் அதற்கும் தப்புகின்றன. காசநோய்க் கணுக்களும் அதில் ஒளிர்கின்றன. ஆகவே கணுவை அகற்றி நுண்ணோக்கியில் ஆராய்வதே இறுதிச் சான்றாகும்.

ஓர் ஆய்வின் படிப்பினை

அவ்வாறாயின், எல்லா நோயாளிகளுக்கும் கணுக்களை அகற்றிவிடலாமா? 2019இல் வெளியான, ‘லயன்’ எனப்படும் ஆய்வு இதற்கு விடையளித்தது. முற்றிய நோயுடைய 647 பெண்கள் இதில் பங்குபெற்றனர். அனைவருக்கும் கண்ணுக்குத் தெரிந்த கட்டிகள் முற்றிலும் அகற்றப்பட்டன. கணுக்கள் இயல்பாகவே தோற்றமளித்தன. ஒரு பிரிவினருக்கு மட்டும் கணுக்களும் முறையாக அகற்றப்பட்டன. அவர்களுள் 55.7 சதவீதத்தினரின் கணுக்களில் நோய் மறைந்திருந்தது. எனினும் ஆயுள் நீடிக்கவில்லை. இடைநிலை ஆயுட்காலம் கணு அகற்றியவர்களிடையே 65.5 மாதங்கள், அகற்றாதவர்களிடையே 69.2 மாதங்கள். அறுவைக்குப் பின் 60 நாட்களுக்குள் இறந்தோர் முறையே 3.1, 0.9 சதவீதமாவர். நோய் இருப்பதை அறிவது வேறு, அதனை வெட்டியெடுப்பதால் பயன் விளைவது வேறு என்பதை இது தெளிவாக்குகிறது. பருத்துத் தோன்றும் கணுக்களுக்கு இம்முடிவு பொருந்தாது. அவை இன்றும் அகற்றப்படுகின்றன.

திட்டமிடுவோர் கவனத்திற்கு

தொடக்கநிலையில் பரிசோதனையைக் கைவிடுவதும், முற்றிய நிலையில் பயனற்ற அறுவையைச் செய்வதும் ஒருசேர இழப்பே. முன்னதில் நோயாளியின் வாய்ப்பு வீணாகிறது. பின்னதில் அவளது உடல்நலத்துடன் அறுவைக்கூட நேரமும் மருத்துவமனைப் படுக்கையும் வீணாகின்றன. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஏழைக் குடும்பங்களின் செலவுச் சுமையைக் குறைக்க வகை செய்துள்ளது. ஆனால் நிதி மட்டும் போதாது. தேர்ந்த அறுவை மருத்துவர், நோய்க்கூறியல் வல்லுநர், கதிரியல் வல்லுநர் ஆகியோர் கூடி முடிவெடுக்கும் ஏற்பாடு வேண்டும். 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் இணைப்பு, மருத்துவமனைகளைப் பொது நெறிமுறைகளால் பிணைக்க முயல்கிறது. அந்நெறிமுறைகள் மாவட்ட மருத்துவமனை வரை எட்டி, ஐயத்திற்குரிய கட்டியுள்ள பெண் முதல் அறுவைக்கு முன்பே உரிய மையத்திற்கு அனுப்பப்படும் நிலை ஏற்படுமாயின், செலவிடப்படும் ஒவ்வொரு ரூபாயும் முழுப் பயன் தரும்.