உப்புக் கண்ணாடி கரைந்துவிடும்!

கிள்ளான் துறைமுகக் கடல்நீரில் மண் அடியில் தங்கியபின் மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பாருங்கள், தம்பி தங்கைகளே. அதில் உப்பு தெரிகிறதா? தெரியாது. சரி, கண்ணுக்கே தெரியாத ஒளியைச் செலுத்திப் பார்ப்போமா?

அந்த ஒளியின் பெயர் அகச்சிவப்பு. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் சூடு ஏறியது!

மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. அவற்றின் பிணைப்புகள் நீள்வதும் சுருங்குவதுமாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வுகளில் பலவும் தமக்குப் பொருந்தும் அகச்சிவப்பை மட்டும் விழுங்கும். எந்த அலைநீளத்தில் ஒளி குறைந்தது என்று அளந்தால் உள்ளே இருப்பது யாரென்று சொல்லிவிடலாம்.

நீர் பெரிய தீனிக்காரன். சுமார் 3 மைக்ரோமீட்டரிலும் 6 மைக்ரோமீட்டரிலும் ஒளியை அள்ளி விழுங்கிவிடும். உப்பு நீரில் கரைந்ததும் சோடியம் தனியாக, குளோரைடு தனியாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டும் ஒற்றை அணுக்கள். அதிர்வதற்குப் பிணைப்பே இல்லை, ஆகவே ஒளியை விழுங்கவும் வழியில்லை. பிறகு அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? சுற்றியிருக்கும் நீரிடம்தான் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கடல்நீரில் அதேபோல் ஒற்றை அணுவாக இருக்கும் மக்னீசியம் தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட நீரின் அதிர்வு சற்றே மாறுவதால் அது விழுங்கும் அலைநீளமும் நகர்கிறது. கடல்நீரில் இருக்கும் சல்ஃபேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. கந்தகத்தோடு நான்கு ஆக்சிஜன்கள் பிணைந்திருப்பதால், சுமார் 9 மைக்ரோமீட்டரில் தானே ஆஜர் சொல்லிவிடும்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி இந்த அகச்சிவப்பைத் தடுத்துவிடும். அதனால் ஆய்வுக்கூடங்களில் உப்புப் படிகத்தையே தட்டையாகச் சீவிச் சன்னலாக வைப்பார்கள். உப்புநீரை ஆராய உப்புச் சன்னலா? ஊற்றியதும் அது கரையத் தொடங்கிவிடுமே! நீரே ஊற்றாவிட்டாலும், கோலாலம்பூரின் ஈரக்காற்று பட்டால் போதும், மங்கிப்போகும். அதனால் ஈரம் புகாத பெட்டியில் பூட்டி வைப்பார்கள்.

நீரை ஆராய, உப்புக்குப் பதிலாக வைரம் சரிப்படும். வைரத்துக்குள் பட்டுத் திரும்பும் ஒளி, அதன்மேல் இருக்கும் நீருக்குள் ஓரிரு மைக்ரோமீட்டர் மட்டும் எட்டிப் பார்க்கும். அவ்வளவு மெல்லிய படலம் என்பதால் நீராலும் எல்லா ஒளியையும் விழுங்க முடியாது.

இன்னொரு வழியை 1928இல் கொல்கத்தாவில் திருச்சிக்காரர் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் திறந்துவிட்டார்கள். திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறிதளவு நிறம் மாறிவருவதைக் கண்டார்கள். இந்த முறையில் நீர் அதிகம் குறுக்கிடாது, கண்ணாடிக் குழாயும் போதும். சல்ஃபேட் அங்கே நன்றாகவே பேசும். சோடியம் மட்டும் அங்கும் வாய் திறப்பதில்லை!